காலிமனைக்கு ஒரு கையெழுத்து: சென்னை மாமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மாண்புமிகு மேயர் அவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்கள் இருநூறு பேருக்கும், ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் வடசென்னையில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கெழுதுபவள். நகருக்குள் சும்மா கிடக்கும் மனைகளில் கீரை போட எழுத்தில் அனுமதி கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். என் அம்மா கீரை விற்றவர். விடியற்காலை மூன்றரை மணிக்கு மாதவரத்துக்கு அப்பால் இருந்த தோட்டங்களுக்குப் போய், ஈரச் சாக்குப் போட்டு மூடிய கூடையோடு ஆறு மணிக்குள் பெரம்பூர்த் தெருக்களுக்கு வந்துவிடுவார். பத்து மணி தாண்டினால் கீரை துவளும். துவண்ட கட்டுக்குப் பாதி விலை. பதினொரு மணிக்கும் கூடையில் மிச்சமிருந்தால் அது மாட்டுக்கு. கூடை வாங்கப் பணம் தந்த தண்டல்காரருக்கோ கீரை விற்றதா துவண்டதா என்பது பொருட்டில்லை, மாலையில் தவணை வந்தாக வேண்டும்.

கீரையின் பொருளாதாரம் முழுவதும் அந்தச் சில மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. வெங்காயம் நாசிக்கிலிருந்து லாரியில் வரலாம், உருளைக்கிழங்கு நீலகிரியிலிருந்து இறங்கலாம், இரண்டு நாள் பிந்தினாலும் ஒன்றும் ஆகாது. முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, வெந்தயக்கீரை, புதினா, கொத்தமல்லி இவையெல்லாம் அப்படியல்ல. விளைகிற இடத்துக்கும் உலை கொதிக்கிற இடத்துக்கும் நடுவே கூடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் விளைவித்தவரின் பங்கிலிருந்து கழிகிறது. நகர விவசாயம் என்று நான் இந்த மடலில் சொல்வது இந்தப் பயிர்களைத்தான். சென்னையில் நெல் நடுங்கள் என்று கேட்க வரவில்லை.

இன்று அம்மா கீரை பறித்த தோட்டங்கள் இல்லை. 2011-இல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டு, 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. மாதவரம், மணலி, அம்பத்தூர், சோழிங்கநல்லூர் என அன்று சேர்ந்த பகுதிகளில் ஏரிக்கரைத் தோட்டங்களும் கிணற்றுப் பாசனமும் இருந்தன. இணைந்த ஊராட்சிகளின் பெண்களுக்கு அதுவரை நூறு நாள் வேலைக்கு உரிமை இருந்தது. நகரமானதும் அது போயிற்று. நிலம் மனையானது, மண்வெட்டி பிடித்த கைகள் வீட்டுவேலைக்குப் போயின. இதையெல்லாம் குற்றச்சாட்டாக எழுதவில்லை. நகரத்துக்குள் பயிர் செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வெளியிலிருந்து யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் குழுவிலேயே நான்கு பேர் அப்படிப்பட்டவர்கள்.

அந்த நான்கு பேரும் இன்னும் இருவருமாகச் சேர்ந்து, மூன்று கிரவுண்டு, அதாவது 7,200 சதுர அடி, காலிமனையில் இரண்டரை ஆண்டுகள் கீரை போட்டார்கள். மனைக்காரர் வெளிநாட்டில் இருப்பவர். புதர் மண்டி, குப்பை கொட்டப்பட்டு, பாம்புக்குப் பயந்து பிள்ளைகள் ஒதுங்கிப் போன இடம். சுத்தம் செய்து வைத்துக்கொள்கிறோம், கீரை போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டோம். வாய்மொழியாகச் சம்மதித்தார். செங்கல்லும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி எடுக்கவே ஒன்றரை மாதம் ஆயிற்று. மாட்டுக்கொட்டகை எருவும் மக்கிய இலையும் போட்டு, நான்கடி அகலப் பாத்திகள் எடுத்தோம். விதைத்த இருபத்தைந்தாம் நாள் முதல் முளைக்கீரையைப் பிடுங்கியபோது, குழுவில் மூத்தவரான அக்கா ஒரு கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். அவர் நிலத்தில் கால் வைத்துப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கணக்கைச் சொல்கிறேன். நல்ல மாதத்தில் ஏறக்குறைய 350 கிலோ. கால் கிலோ கட்டாக 1,400 கட்டு, சராசரியாகக் கட்டுக்கு 12 ரூபாய். வரவு 16,800. விதை, எரு, மோட்டார் மின்சாரம், மூன்றுசக்கர வண்டி வாடகை எல்லாம் சேர்த்து 4,800 போனால் மிச்சம் 12,000. ஆறு பேருக்கு ஆளுக்கு 2,000. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நின்று இலை அழுகும், அந்த மாதங்களில் கையில் ஒன்றும் நிற்காது. ஆக, மூன்று கிரவுண்டு ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பாது. வீட்டுக்கு ஒரு சமையல் எரிவாயு உருளையும் பிள்ளையின் டியூஷன் கட்டணமும் வந்தன, அவ்வளவுதான். இதை மறைத்து நகர விவசாயம் கோடி கொட்டும் என்று எழுதினால் நான் எழுதிய பேரேட்டுக்கே துரோகம் செய்தவள் ஆவேன்.

ஆனால் அதே பேரேடு இன்னொன்றும் சொல்கிறது. ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய பதினெட்டு கிரவுண்டு, எங்கள் மனையைப் போல ஆறு மடங்கு. அதே ஆறு பெண்கள் ஒரு ஏக்கரில் முழுநேரமாக உழைத்தால் ஆளுக்கு மாதம் 12,000 வரும். பக்கத்துத் தெருவில் வேலை, மதியம் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போடலாம், கூலி நிறுத்திவைக்கும் மேஸ்திரி இல்லை. எங்கள் பகுதியில் ஒரு பெண்ணுக்கு இது சிறிய வேலை அல்ல.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒருவர் நாளொன்றுக்கு 100 கிராம் கீரை உண்ண வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் ஏறக்குறைய 67 லட்சம் பேர். அத்தனை பேரும் பரிந்துரைப்படி உண்டால் தினமும் 670 டன் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் நகருக்குள் விளைவிக்க, எங்கள் மனையின் விளைச்சலை வைத்துப் பார்த்தால், சுமார் 950 ஏக்கர் போதும். அது உங்கள் 426 சதுர கிலோமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏக்கருக்கு ஆறு பேர் என்றால் ஐயாயிரம் பேருக்கு மேல் வேலை. என் கணக்கில் பிழை இருந்தால் திருத்துங்கள். பாதியாகக் குறைந்தாலும் அது பேச வேண்டிய எண்தான்.

இப்போது எங்கள் தோட்டம் இல்லை. இரண்டரை ஆண்டு முடிந்த ஒரு மாலையில் மனைக்காரர் தொலைபேசியில் அழைத்து, பதினைந்து நாளில் காலி செய்யச் சொன்னார். வீடு கட்டப் போகிறாரா என்று கேட்டேன். இல்லை. விற்கப் போகிறாரா? அதுவும் இல்லை. "நாளைக்கு நீங்கள் இடம் எங்களுடையது என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?" என்றார். யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தனியார் நிலத்தை உரிமையாளரை எதிர்த்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வெளிப்படையாக அனுபவித்து வந்தால் சட்டம் அனுபவிப்பவர் பக்கம் சாயலாம் என்ற பயம் இந்த நகரத்தில் மனை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. இதைச் சட்டத்தில் எதிரிடை அனுபவம் என்பார்கள். உண்மையில் உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவருக்கு அந்தப் பேச்சே எழாது. ஆனால் அந்த அனுமதி காகிதத்தில் இருக்க வேண்டும். எங்களிடம் காகிதம் இல்லை, அவரிடமும் இல்லை. காய்க்கத் தொடங்கியிருந்த இரண்டு முருங்கைகளை விட்டுவிட்டு வந்தோம். அந்த மனை இன்று மறுபடியும் புதர்.

இந்த மடலின் முதல் வேண்டுகோள் அந்தக் காகிதம்தான். மாநகராட்சி ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்துத் தர வேண்டும். மனைக்காரர், குழு, மாநகராட்சி என மூன்று கையெழுத்து. ஐந்து ஆண்டுக் காலம், பயிர் மட்டும், கட்டடம் கூடாது, குழுவுக்கு எந்தப் பாத்தியமும் பிறக்காது, ஐந்து ஆண்டு முடிந்தால் அல்லது கட்டட அனுமதி வாங்கிவிட்டு ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் மண்ணைச் சமப்படுத்தி ஒப்படைப்போம். இவ்வளவுதான், இரண்டு பக்கம். அப்படிக் கையெழுத்திட்ட மனைக்கு அந்தக் காலம் முழுவதும் காலிமனை வரியில் சலுகை கொடுங்கள்.

இது புதுக் கற்பனையும் அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2013-இல் இதையே சட்டமாக்கியது. நகருக்குள் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று ஏக்கர் வரையிலான காலி நிலத்தைக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் பயிருக்கு விடுபவருக்குச் சொத்துவரி குறையும். மனை விலை உலகமே வாய் பிளக்கும்படி இருக்கும் சான்பிரான்சிஸ்கோ 2014-இல் அதை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மனை விலை ஏறிவிட்டது, இனி இங்கே கீரையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: விலை ஏறட்டும் என்று பத்து ஆண்டு சும்மா கிடக்கும் மனைக்கு அந்தப் பத்து ஆண்டும் வேலை கொடுக்கச் சொல்கிறோம். அதற்குப் பிறகு அங்கே மாடி எழும்பினால் நாங்கள் குறுக்கே நிற்கப் போவதில்லை.

அர்ஜென்டினாவின் ரோசாரியோ நகரம் இன்னும் நெருக்கமான பாடம். 2001-இல் அந்த நாட்டின் பொருளாதாரம் நொறுங்கியபோது வேலையிழந்தவர்கள் நிறைந்த ஊர் அது. அடுத்த ஆண்டே நகராட்சி, கருவியும் விதையும் பயிற்சியும் கொடுத்துப் பயன்படாத நிலத்தில் காய்கறி போட மக்களை அழைத்தது. விற்க வாரச் சந்தைகளையும் திறந்தது. சில ஆண்டுகளில் ஓயும் நிவாரணமாக அது முடியவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து உலகளாவிய நகரங்களுக்கான ஒரு பெரிய விருதும் அதற்குக் கிடைத்தது. காரணம் விதை அல்ல, விதையை யாரும் தருவார்கள். நிலத்தின் மேல் நிற்க எழுத்தில் உரிமை கொடுத்து, பயிரை நகரத் திட்டத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டதுதான்.

தனியார் மனைகளோடு உங்கள் கையிலேயே இருக்கும் நிலத்தையும் பாருங்கள். பெரிய மனைப்பிரிவுகள் வரும்போது பொதுவெளிக்கென்று 10 சதவீத நிலம் ஒப்படைக்கப்படுகிறது. அதில் எத்தனை துண்டுகள் கம்பி வேலிக்குள் சும்மா கிடக்கின்றன என்பது ஒவ்வொரு வட்ட (வார்டு) உறுப்பினருக்கும் தெரியும். பூங்காவாக வேண்டியதைப் பறிக்கச் சொல்லவில்லை. பூங்காவாக நிதி வரும்வரை கிடக்கும் நிலத்தைக் கேட்கிறோம். மாநகராட்சிப் பள்ளிகளின் பின்பக்கம், உயர் மின்னழுத்தக் கம்பிகளின் கீழே மாடி கட்ட முடியாத நீளத் துண்டுகள், இவையும் உண்டு. கீரை உயரம் வளராது, கம்பிக்கு அதனால் தொந்தரவில்லை.

இரண்டாவது வேண்டுகோள், வாங்குங்கள். இந்த நகரத்தின் மிகப் பெரிய சமையலறைகளில் சில உங்களுடையவை. 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகங்கள் வட்டந்தோறும் இருக்கின்றன. ஐந்து ரூபாய்ச் சாம்பார் சாதத்துக்கும் கறிவேப்பிலை சாதத்துக்கும் கொத்தமல்லி, கறிவேப்பிலை தினமும் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டத்தில் காய்கறிச் சாம்பார் இருக்கிறது. அந்த வட்டத்திலேயே விளையும் கீரையையும் கறிவேப்பிலையையும் முன்கூட்டிப் பேசிய விலைக்கு எடுத்துக்கொள்வோம் என்று நீங்கள் ஓர் ஒப்புதல் கொடுத்தால், குழுவுக்கு வங்கியில் கடன் கிடைக்கும். தண்டல்காரரிடம் போக வேண்டாம். அன்றே இந்த ஏற்பாடு இருந்திருந்தால் என் அம்மாவின் கூடையில் பதினொரு மணிக்கு மிஞ்சிய கீரை அன்றைக்கே ஏதோ ஓர் உலைக்குப் போயிருக்கும். உணவகங்களை நடத்துவதும் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான். விளைவிக்கும் குழுவையும் சமைக்கும் குழுவையும் நேராகச் சேர்த்து வைக்க இடைத்தரகர் எதற்கு?

விலை ஏற்றத்தின்போது இதன் அருமை தெரியும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. 2020 மே மாதம் தொற்றுப் பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, வியாபாரம் திருமழிசைக்குப் போனபோது இந்த நகரம் ஒரே ஒரு வாயிலை நம்பி உண்கிறது என்பது எல்லாருக்கும் புரிந்தது. அந்த வாரங்களில் எங்கள் தெருவில் கீரை கொண்டுவந்தவர்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மட்டுமே. வட்டத்துக்கு ஓரிரு ஏக்கர் இருந்தால் தக்காளி விலை குறைந்துவிடாது, ஆனால் குழந்தையின் தட்டில் பச்சையாக ஏதோ ஒன்று தவறாமல் விழும்.

எருவும் தண்ணீரும் உங்களிடம் இருக்கின்றன. சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. கொடுங்கையூர்க் குப்பை மேட்டின் புகையைக் குடித்து வளர்ந்த எனக்கு அந்த எண்ணை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதில் பெரும்பங்கு மக்கும் குப்பை. வட்டங்களில் உள்ள சிறு உரக்கூடங்களில் உரம் தயாராகிறது. அதை அருகிலுள்ள பாத்திக்குக் கொடுத்தால், லாரியில் ஏற்றிப் பெருங்குடிக்கும் கொடுங்கையூருக்கும் கொண்டுபோகும் செலவு அந்த அளவுக்கு மிச்சம். உரம் எங்கே போகிறது என்று மக்கள் கண்ணால் பார்த்தால், வீட்டில் குப்பையைப் பிரித்துத் தரச் சொல்லி நீங்கள் ஒலிபெருக்கி வைக்க வேண்டியிருக்காது. எங்கள் மனையின் பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே காய்கறித் தோலைத் தனியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

தண்ணீர் விஷயத்தில் நேர்மையாக இருக்க வேண்டும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. வெயில் காலத்தில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு ஐந்து, ஆறு லிட்டர் வேண்டும். குடிநீரை ஊற்றிக் கீரை வளர்ப்பது முறையல்ல. ஆனால் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து, நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அதில் ஒரு துளி எங்களுக்கும் வரட்டும், குடிநீர் வாரியத்திடம் நீங்கள் பேசினால் நடக்கும். கழிவுநீரைச் செல்வமாக்குவதில் கல்கத்தா நமக்கு மூத்தது. அதன் கிழக்குச் சதுப்பு நிலங்களில் 12,500 ஹெக்டேர் பரப்பில் நகரக் கழிவுநீர் இயற்கையாகத் தெளிந்து, மீனாகவும் காய்கறியாகவும் நகருக்கே திரும்புகிறது. 2002-இல் அது ராம்சார் நிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

அதற்காகக் கூவத்து நீரை இறைத்து ஊற்றலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பெருஞ்சாலை ஓரத்து மண்ணிலும் பழைய பட்டறை இருந்த மண்ணிலும் ஈயம் இருக்கும், கீரை அதை இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மண்ணையும் தண்ணீரையும் மாநகராட்சி செலவில் பரிசோதித்துத் தாருங்கள். தேறாத நிலத்தில் பூச்செடி வைத்துக்கொள்கிறோம். மல்லியும் சாமந்தியும் கூடக் காசுதான்.

மாடித் தோட்டம் பற்றியும் சிறிது. தோட்டக்கலைத் துறை பல ஆண்டுகளாக மானிய விலையில் பைகளும் தென்னை நார்க்கழிவும் விதையும் கொடுத்து வருகிறது. நல்ல காரியம், வீட்டுக்கு வேண்டிய மிளகாயும் கத்தரியும் கிடைக்கும். ஆனால் அதை வேலைவாய்ப்பு என்று கணக்கில் எழுதாதீர்கள். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ பாரம் என்று வைத்துத்தான் பொதுவாகக் கட்டுகிறார்கள். முக்கால் அடிக்கு ஈர மண் கொட்டினாலே அது தாண்டிவிடும்.

கண்ணாடி அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் அடுக்கடுக்காகக் கீரை வளர்க்கும் தொழில்நுட்பத்தோடும் சிலர் உங்களைப் பார்க்க வருவார்கள். பளபளப்பான படங்கள் இருக்கும். அமெரிக்காவில் அந்த முறையில் புகழ்பெற்ற ஏரோஃபார்ம்ஸ் 2023-இல் திவால் பாதுகாப்புக் கேட்டது, பவரி 2024-இல் கடையைக் கட்டியது. சூரியன் இலவசமாகக் கொடுப்பதை மின்கட்டணம் செலுத்தி வாங்கினால் ஒரு கட்டுக் கீரை என்ன விலைக்கு விற்க வேண்டும்? வருடத்தில் பெரும்பாலான நாள் வெயில் கொளுத்தும் சென்னையில் பொதுப்பணத்தை அதில் போடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தொகைக்கு எத்தனை மண்வெட்டி, எத்தனை அடி குழாய், எத்தனை மண் பரிசோதனை என்று எங்களைப் போன்ற கணக்கெழுதிகளை அழைத்துக் கேளுங்கள்.

கொண்டித்தோப்பு, பனந்தோப்பு, கீழ்ப்பாக்கம் கார்டன் என்று பெயர்களில் மட்டும் தோட்டத்தை வைத்திருக்கும் நகரம் நம்முடையது. தியாகராய நகர் எழுந்தது மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்துத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் அத்தை வீட்டு மாடிப்படி ஒன்பதாவது படிவரை நீரில் இருந்தது. சிமெண்டு போடாத ஒரு கிரவுண்டு மண் எவ்வளவு மழையைக் குடிக்கும் என்று அன்றைக்குப் பிறகு யாரும் எங்களுக்கு விளக்கியதில்லை, விளக்கவும் தேவையில்லை.

எல்லா மண்டலங்களிலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. மூன்று மண்டலங்களில், மண்டலத்துக்கு ஐந்து ஏக்கர், ஐந்து ஆண்டு. குழுவின் வரவு செலவுப் பேரேட்டை மாதந்தோறும் வட்ட அலுவலகப் பலகையில் ஒட்டுகிறோம், யார் வேண்டுமானாலும் வந்து கூட்டிப் பார்க்கட்டும். நட்டமென்றால் அதுவும் அந்தப் பலகையில் இருக்கும்.

காலம் ஒன்றுதான் அவசரம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும்போது மண் பதமாக இருக்கும், அப்போது விதைத்தால் பங்குனிவரை நிற்காமல் அறுக்கலாம். அதற்கு முன் கார்த்திகையிலேயே கல் பொறுக்கி எரு போட்டாக வேண்டும். எனவே அந்த இரண்டு பக்க ஒப்பந்தம் ஐப்பசிக்குள் மாமன்றத்தில் நிறைவேற வேண்டும். எங்கள் ஆறு பேரின் மண்வெட்டிகள் இப்போது மூத்த அக்கா வீட்டுத் திண்ணையில் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. அரைக்கீரை விதை இரண்டு கிலோ, சாம்பல் கலந்து, பானையில் வாய்கட்டி இருக்கிறது. ஒரு வருடம் தாண்டினால் முளைப்புத்திறன் குறையும்.

மரியாதையுடன்,
வடசென்னை மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் கணக்கெழுதி